எட்டு போல்ட்டு

டும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் மறுபடியும் டும். எனக்குப் பதினோரு வயதில் கேட்ட சத்தம். அப்பாவின் பழைய ஜீப்பில் என் சீட்டுக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டிரம் படுத்துக் கிடக்கும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அப்பா பிரேக் போடுவார். டிரம் உருண்டு வந்து சீட்டின் முதுகில் முட்டும். சீட்டின் முதுகு என்றால் என் முதுகுதான். பதினேழு வளைவு, பதினேழு முட்டு. கண்ணை மூடிக்கொண்டே இது எத்தனையாவது வளைவு என்று சொல்வேன். அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அடுத்த முட்டு எப்போது வரும் என்று காது பின்னாலேயே இருக்கும். பிற்பாடு தமிழ் படித்து, கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் யாப்பிலக்கணம் நடத்தினேன். அசை பிரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வரும். யாரிடமும் சொன்னதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். வண்டி வாங்க வந்தவர் நீங்கள். இன்ஜினைப் பார்ப்பீர்கள், டயரைப் பார்ப்பீர்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் நேராகப் பின்கதவைத் திறந்தீர்கள். முன்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தீர்கள். அசையவில்லை. தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "யாரும்மா இத மாட்டுனது? கம்பெனி வேல மாதிரில்ல இருக்கு. அவர் நம்பர் குடுங்க, என் இன்னொரு வண்டிக்கும் போடணும்" என்றீர்கள்.

உங்களுக்கு முன் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் "இதக் கழட்டிரலாம்மா, எடத்த அடைக்குது" என்றார்கள். மூன்று பேரையும் அனுப்பிவிட்டேன். தடுப்போடு எடுத்துக்கொள்பவருக்குத்தான் இந்த வண்டி. நீங்கள் உத்தமபாளையத்தில் தேனீப்பெட்டி வைத்திருப்பதாகப் போனில் சொன்னீர்கள். ரப்பர் துளிர்க்கும்போது பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் போவேன் என்றீர்கள். உங்களுக்குத் தடுப்பு வேண்டும்தான். பிரேக் அடித்தால் நாற்பது பெட்டித் தேனீயும் உங்கள் காதருகே வந்து நலம் விசாரிக்கும்.

உட்காருங்கள், சாதிக் தம்பி. காப்பி வரும். நம்பர் கேட்டீர்களே, தருகிறேன். ஆனால் அந்த ஆளைப் பற்றி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வரவேண்டும்.

அந்த ஆள் பெயர் இருதயராஜ். ராயப்பன்பட்டிக்காரர். இங்கே போடியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட்டு, கிரில், ஜீப்புக்கு மேல் கேரியர், எல்லாம் செய்வார். கெட்டிக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் போனேன். போனதுதான் தப்பு.

இந்த வண்டி என் கணவர் எடுத்தது. திருவேங்கடம் என்று பெயர். எங்களுக்கு மேலே ஒன்பது ஏக்கர் ஏலத்தோட்டம். மழை நாளில் தோட்டத்துப் பாதையில் சாதாரண வண்டி ஏறாது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் எடுத்தார். வண்டி வந்து பத்தொன்பதாம் நாள் நெஞ்சு வலி. மதுரையில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். கழுத்தில் ஒரு துளை, விலாவில் ஒரு துளை, தொடையில் ஒரு துளை. ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வண்டி வாசலில் மாலை வாடிப்போய் நின்றது.

சீட்டின் மேல் கம்பெனியில் போட்டு அனுப்பிய பாலிதீன் உறையைப் பார்த்தீர்களா? இன்னும் இருக்கிறது. அவர் கிழிக்கவில்லை, நானும் கிழிக்க விடவில்லை. வெயில் நாளில் புடவை ஒட்டிக்கொள்ளும். இருக்கட்டும்.

அவர் போன பிறகு தோட்டத்தை நான் பார்க்க ஆரம்பித்தேன். ஒச்சப்பன் வண்டி ஓட்டுவார். இருபத்திரண்டு வருஷம் எங்களிடம் இருந்தவர். வாரம் ஒருமுறை மேலே போவோம். பின்சீட்டைக் கழற்றிவிட்டு உர மூட்டை, மருந்து டின், ஸ்பிரேயர் எல்லாம் ஏற்றுவோம். இறங்கும்போது ஏலக்காய் மூட்டையும் காலி டின்னும். முதல் வாரமே அந்தச் சத்தம் வந்துவிட்டது தம்பி. டும். ஐம்பது வருஷம் கழித்து, அதே மலையில், அதே வளைவில், என் முதுகுக்குப் பின்னால். ஒச்சப்பனிடம் சொன்னேன். "ஒரு தடுப்பு போட்டுட்டாப் போச்சு டீச்சர்" என்றார். இருதயராஜிடம் போனோம்.

அவர் வண்டிக்குள் ஏறி டேப்பு வைத்து அளந்தார். எனக்கு அவர் ஏறியதே பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றித்தான் ஏறினார், அதைச் சொல்ல வேண்டும். இறங்கி வந்து சொன்னார்.

"டீச்சர், சதுரப் பைப்புல சட்டம், நடுவுல வெல்டு மெஷ்சு. தரையில நாலு, ரெண்டு பக்கத் தூண்ல நாலு, ஆக எட்டு ஓட்ட. போல்ட்டு கீழ வரைக்கும் இறங்கும். அடியில பிளேட்டு வச்சு முடுக்கிருவேன்."

"ஓட்டை போடக் கூடாது."

"ஓட்ட போடாம எப்பிடி டீச்சர்?"

"அது உங்கள் தொழில். ஓட்டை போடாமல் மாட்டுங்கள்."

சிரித்தார். என்ன சொன்னார் தெரியுமா? "சட்டைக்குப் பட்டன் வேணும், காஜா மட்டும் எடுக்கக் கூடாதுங்கறீங்க." பட்டறையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்தார். புதிதாக விதவையானவள் நிற்கிறாள், அவளை வைத்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கிறவர்களைப் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு முப்பத்தோரு வருஷப் பழக்கம்.

"துருப் பிடிக்கும்னு டீச்சர் பயப்படுறாங்கப்பா" என்று ஒச்சப்பன் சமாதானம் சொன்னார்.

"துருவுக்குப் பெயின்ட் இருக்குல்ல" என்றார் இருதயராஜ்.

துருவாம். என் பயம் துருவா? அதை அந்தப் பட்டறையில் நின்று எல்லார் முன்னாலும் விளக்கவா முடியும்? "முடியுமா, முடியாதா? வேறு பட்டறை பார்க்கட்டுமா?" என்றேன். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அப்புறம் செய்தார். சீட்டின் கால்களோடு சேர்த்துக் கிளாம்பு போட்டு, மேலே கைப்பிடியில் இரண்டு பட்டை வைத்து இறுக்கினார். ஒரு துளையும் இல்லை. நானே கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

மூன்று வருஷம் சத்தமில்லாமல் போனது. சத்தமில்லை என்றால் தடுப்பு நன்றாக இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

நாலாம் வருஷம் ஆடி மாதம். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் காயில் எரிந்துபோனது. ஐந்து குதிரைத் திறன். கீழே கொண்டுவந்து காயில் கட்ட வேண்டும். நாலு பேர் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். ஒச்சப்பன், "நாளைக்குப் பிக்கப்பு வரும் டீச்சர், அதுல ஏத்தி விட்ருவோம். இது கனம்" என்றார். ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் நாற்றங்கால் வாடும். "தடுப்பு எதற்குப் போட்டிருக்கிறோம், அழகுக்கா?" என்று கேட்டேன். அவர் கயிற்றால் இரண்டு கட்டுக் கட்டினார்.

ஒன்பதாவது வளைவு. எதிரே பஸ். பஸ்காரன் வளைவை முழுதாக எடுத்துக்கொண்டு வருகிறான். ஒச்சப்பன் அழுத்தினார்.

டும்.

ஒரே ஒரு தடவை. இரண்டாவது முட்டு வரவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. மோட்டார் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வலது பக்கமாகவே வந்தது. கிளாம்பு நாலும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சட்டத்தின் மூலை ஒச்சப்பனின் பின்கழுத்தில். மோட்டாரைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் தம்பி. அந்தச் சட்டம்தான் அடித்தது. அந்த நிலையிலும் அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தார். நான் உயிரோடு உட்கார்ந்து பேசுகிறேன் என்றால் அந்த ஒரு இழுப்புதான்.

இப்போது சொல்லுங்கள். யார் செய்த வேலை அது? யார் மாட்டிய கிளாம்பு?

தேனி ஆஸ்பத்திரியில் ஒச்சப்பன் கழுத்தில் பட்டை கட்டிப் படுத்திருந்தார். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். பக்கத்தில் அவர் மனைவி காமுத்தாய். நான், "இருதயராஜைச் சும்மா விடமாட்டேன்" என்றேன். ஒச்சப்பன் என்ன சொன்னார்? படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு மேல தப்பில்ல டீச்சர்" என்றார். அடிபட்ட கழுத்து அவருடையது. அதைச் செய்தவனுக்குப் பரிந்து பேசுகிறார்! "அவரு அன்னிக்கே சொன்னாருல்ல, கனத்த சாமான் வேணாம்னு" என்கிறார். காமுத்தாய் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆப்பிள் பையை வாங்கி வைக்கக்கூட இல்லை. நானே கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் இந்த வாசலை மிதிக்கவில்லை. நான் என்ன செய்தேன் அவளுக்கு?

சொன்னாராம். என்ன சொன்னார்? மாட்டிக் கொடுத்த அன்று, "டீச்சர், இது சும்மா மறைப்பு. தடுப்பு ஆகாது. துணி மூட்ட, காய்கறின்னா ஒண்ணுமில்ல" என்றார். மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். காய்கறியைப் பற்றி எனக்கு என்ன? தொழில் தெரிந்தவன் அழுத்திச் சொல்ல வேண்டாமா? என் மாணவிக்கு ஒரு விஷயம் முக்கியம் என்றால் மூன்று தடவை சொல்வேன், கரும்பலகையில் எழுதுவேன், எழுதியதற்குக் கீழே கோடு போடுவேன்.

எழுதினார் என்று ஒச்சப்பன் சொல்வார். எழுதினார், இல்லை என்று சொல்லவில்லை. சட்டத்தின் மேல் பைப்பில் மஞ்சள் பெயின்டில், கோணல்மாணலாக, 'முப்பது கிலோவுக்கு மேல் வைக்காதீர்' என்று. என் கணவர் ஒரு சாமி படம்கூட ஒட்டவிடாத வண்டியில், லாரிக்குப் பின்னால் எழுதுகிற மாதிரி! யார் பொறுப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் ஒச்சப்பனை விட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னேன். பெயின்ட் காய்வதற்குள் போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. இதையெல்லாமா எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வது?

பட்டறைக்குப் போனேன். வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள், நிற்கட்டும் என்றுதான் போனேன். "ஒரு மனுஷனின் கழுத்தை உடைத்துவிட்டு இங்கே தீப்பொறி பறக்கவிடுகிறீர்களா?" என்று கேட்டேன். அவர் முகமூடியைக் கழற்றினார். கேட்டுக்கொண்டு நின்றார். பேசாமல் நிற்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும். பதில் தெரியாத மாணவிதான் அப்படி நிற்பாள்.

நான் அதோடு விடவில்லை. விட்டால் இன்னொருவர் கழுத்து போகாதா? ஏல விவசாயிகள் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இருதயராஜ் போகிற சர்ச்சு ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். கடைவீதியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இந்த ஊரில் என்னிடம் படித்த பெண் இல்லாத தெரு கிடையாது தம்பி. நகைக்கடையில் இருப்பாள், பாங்கில் இருப்பாள், டாக்டர் வீட்டில் இருப்பாள். டீச்சர் சொன்னால் அவர்களுக்கு அது பரீட்சைக்கு வரும் கேள்வி மாதிரி, அப்படியே ஒப்பிப்பார்கள். "இருதயராஜ் வேலையா? வேண்டாம். டீச்சர் டிரைவருக்கு என்ன ஆச்சு தெரியுமில்ல?" ஒரு மாதத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. கேட்டுத் திறக்கும் சத்தம். பார்த்தால் அவர்தான். டி.வி.எஸ்ஸில் டிரில்லிங் மிஷினையும் புதுச் சட்டத்தையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை. நான் ஏன் கூப்பிடப்போகிறேன்? வாசலில் நின்று, "போடலாமா டீச்சர்?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முதல் துளை போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம் முதலில் கீச்சென்று இருக்கும், அப்புறம் கனமாகும், அந்தப்பக்கம் போனதும் சட்டென்று லேசாகிவிடும். அந்த லேசாகும் இடம் இருக்கிறதே, அங்கேதான் எனக்கு... சரி, விடுங்கள். கழுத்து, விலா, தொடை என்று மூன்று வரை எண்ணினேன். அப்புறமும் ஐந்து இருந்தது.

எட்டாவது போல்ட்டை முடுக்கும்போது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இப்போது மட்டும் எப்படி ஓட்டை போடுகிறீர்கள்? அன்றே போட்டிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு நீங்க வேணாம்னு சொல்லலையே டீச்சர்."

திமிரைப் பார்த்தீர்களா?

அதோடு முடியவில்லை. எங்கள் ஷெட்டிலிருந்து நாலு சிமென்ட் மூட்டையை அவரே சுமந்து பின்னால் அடுக்கினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இந்தத் தெரு முனைவரைக்கும் வேகமாக ஓட்டிப்போய், திரும்பி, எங்கள் கேட்டுக்கு எதிரே வந்து பிரேக்கை ஒரே அடியாக அடித்தார். வண்டி மூக்கைக் குத்தி நின்றது. நான்கு மூட்டையும் வந்து மோதின. ஒன்றுகூட இந்தப்பக்கம் வரவில்லை. சட்டம் ஒரு நூல் அசையவில்லை. மறுபடியும் போனார், மறுபடியும் அடித்தார். மூன்று தடவை. எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவருடைய கழுத்து மூட்டைகளுக்கு நேர் முன்னால் இருந்தது.

இறங்கி, சாவியைத் திண்ணையில் வைத்தார். காப்பி கொண்டுவரச் சொன்னேன். "இருக்கட்டும் டீச்சர்" என்று போய்விட்டார். எதையும் கேட்கவில்லை.

நான் உங்களைக் கேட்கிறேன். மனசில் குற்றம் இல்லாதவன் கூப்பிடாமல் வருவானா? வந்து இப்படி நிரூபித்துக் காட்டுவானா? எனக்கு அது போதுமான சாட்சி. எதிர்வீட்டுக்காரர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னேன். "பாருங்கள், அவரே வந்து மாற்றிக் கொடுத்தார்" என்று. அதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா?

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

ஒச்சப்பனுக்கு இனிமேல் வண்டி ஓட்ட முடியாது. கழுத்து திரும்பாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். போன மாசம் கடைவீதியில் அவரைக் கூப்பிட்டேன். திரும்ப அவ்வளவு நேரம் எடுத்தது. அதற்குள் என்ன பேசலாம் என்று நினைத்தேனோ அது மறந்துவிட்டது. அவரே, "இருதயராஜப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார். "நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்றேன்.

பார்க்கத்தான் போயிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. பங்குனியில், ஒரு போல்ட்டில் துரு கண்டது மாதிரி இருந்தது. நீங்களும் பார்த்தீர்களே, துரு இருக்கிறதா? இல்லையா? எனக்கு இருந்தது மாதிரி தோன்றியது. அதைச் சொல்லலாம் என்று போனேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன், எதற்கென்று தெரியவில்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர். கல்லாவில் செங்கமலம், என்னிடம் பி.ஏ. படித்தவள். எழுந்து நின்றாள்.

"அவரு மூடிட்டுப் போயிட்டாரே டீச்சர்."

"ஏன் மூடினார்?"

ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன டீச்சர், நீங்கதான அவர்ட்ட வேல குடுக்காதீங்கன்னு சொன்னீங்க. எங்க வீட்டு மாடிக் கிரில்லு அவர்ட்டத்தான் சொல்லி வச்சிருந்தோம். நீங்க சொன்னதும் அட்வான்சத் திருப்பி வாங்கிட்டு வேற ஆள்ட்டக் குடுத்துட்டோம். அந்தக் கிரில்லு இப்பவே ஆடுது" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். டீச்சர் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று சொல்கிற முகம். அவளிடம் என்ன கோபப்படுவது? ஆனாலும் வந்தது. அங்கே நிற்க முடியாத அளவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

அவள்தான் அவருடைய நம்பரை எழுதிக் கொடுத்தாள். இதோ, இந்தச் சீட்டு. கண்ணாடிக் கூட்டிலேயே வைத்திருக்கிறேன். நான் இன்னும் போன் அடிக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அடித்துப் பாருங்கள். வேலை எப்படி என்றுதானே கேட்டீர்கள்? நல்ல வேலை. அதை உங்களிடம் சொல்கிறேன். இந்த ஊரில் இதை நான் முதலில் சொல்வது உங்களிடம்தான், நீங்கள் வேறு ஊர்.

ஆனால் அவர் வரமாட்டார் தம்பி. செங்கமலம்தான் சொன்னாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். உள்ளே போகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுகிறார். வெல்டிங் மிஷினை விற்றுவிட்டார்.